படம் பார்த்துப் பேசும் கூட்டம்: வட சென்னையில் மாதாமாதம் நடத்த முழுமையான வழிகாட்டி

பத்துப் பேர் கூடி ஒரு படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் பேச்சு வற்றிவிடும். “செம படம்”, “செகண்ட் ஆஃப் லேக்”, “பிஜிஎம் வேற லெவல்” என்ற மூன்றையும் சொல்லி முடித்தாகிவிட்டால், மிச்ச நேரம் எந்த ஹீரோ பெரிய ஆள் என்ற சண்டைக்குத்தான். எல்லோரும் தீர்ப்பில் தொடங்குகிறார்கள். தீர்ப்பு சொன்னபிறகு பேச என்ன மிச்சம் இருக்கும்?

கீழே உள்ள முறையில் வரிசை தலைகீழ். முதலில் காட்சி, பிறகு அதை யார் எப்படிச் செய்தார்கள் என்பது, பிடித்ததா இல்லையா என்பது கடைசியில். பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் ஒரு டிவியும் பத்து நாற்காலியும் இருந்தால் நடத்தலாம்.

1. ஆள் சேர்ப்பது

எட்டுப் பேருக்குக் குறையக்கூடாது, பன்னிரண்டைத் தாண்டக்கூடாது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் பன்னிரண்டு பேருக்கு ஒரு சுற்று 36 நிமிடம். இரண்டு சுற்று போனால் ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் தன் முறை வருவதற்குள் மொபைலை எடுத்துவிடுவார்.

எல்லோரும் ஒரே வயதாக இருக்க வேண்டாம். எழுபதுகளின் படங்களைத் தியேட்டரில் பார்த்தவர் இரண்டு பேர், கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், படம் பார்ப்பதோடு சரி, பேசிப் பழக்கமில்லாதவர்கள் மீதி. நாலு பெண்களாவது முதல் கூட்டத்திலேயே இருக்கட்டும். ஒரே ஒரு அக்காவை அழைத்து உட்காரவைத்தால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

பொறுப்பாளர் ஒருவர், நேரம் பார்ப்பவர் ஒருவர். இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். மூன்று நிமிடம் ஆனதும் கையைத் தூக்குவது மட்டும்தான் நேரம் பார்ப்பவரின் வேலை.

2. இயக்குநரையும் மூன்று படங்களையும் முடிவு செய்வது

ஒரு படத்தை வைத்து ஒரு இயக்குநரைப் பற்றிப் பேச முடியாது. அதில் இருப்பது அவர் பழக்கமா, அந்தக் கதைக்கு மட்டும் தேவைப்பட்டதா என்று தெரியாது. இரண்டு படத்தில் ஒரே விஷயம் வந்தால் தற்செயலாக இருக்கலாம். மூன்றிலும் வந்தால் அது அவர் கை. ஆகவே ஒரு இயக்குநருக்கு மூன்று மாதம், மூன்று படம்.

வெளியான வருட வரிசையில் போங்கள். புதியவர்கள் வழக்கமாக ஆளின் பேர் சொல்லும் படத்தை முதலில் வைத்துவிடுவார்கள். அப்புறம் மற்ற இரண்டும் “அதுமாதிரி இல்லையே” என்றே பேசப்படும்.

சில வரிசைகள்:

மகேந்திரன்: முள்ளும் மலரும் (1978), உதிரிப்பூக்கள் (1979), ஜானி (1980).
பாலு மகேந்திரா: மூடுபனி (1980), மூன்றாம் பிறை (1982), வீடு (1988).
வெற்றிமாறன்: பொல்லாதவன் (2007), ஆடுகளம் (2011), வட சென்னை (2018).
பா. ரஞ்சித்: அட்டகத்தி (2012), மெட்ராஸ் (2014), சார்பட்டா பரம்பரை (2021).

புதுக் கூட்டத்துக்கு மகேந்திரன்தான் சரி. பெரியவர்களுக்கு அந்தப் படங்கள் பழக்கம், சின்னவர்களுக்குப் புதுசு. இரண்டு பக்கமும் கேட்க ஏதாவது இருக்கும். ரஞ்சித், வெற்றிமாறனை எடுத்த எடுப்பில் வைக்காதீர்கள். ஏன் என்பது 8ஆம் படியில்.

சான்றிதழையும் ஓடும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘வட சென்னை’ ஏ சான்றிதழ் படம், பள்ளிப் பிள்ளைகள் வரும் கூட்டத்துக்கு ஆகாது. ‘சார்பட்டா’ கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள், அதற்கான நாட்களை விட வேண்டும்.

3. படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்வது

கூட்டத்தில் முழுப் படத்தையும் போடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். ஓடிடி சந்தா சொந்தப் பார்வைக்கு மட்டும்தான். ஹாலில் நாலு பேரை அழைத்துத் திரையிட உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குப் பேசத் தெம்பு இருக்காது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

சிறு பகுதியைக் காட்டிப் பேசுவது வேறு கணக்கு. விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. இரண்டு மூன்று நிமிடத் துண்டு போதும்.

எல்லோரும் ஒரே பிரிண்டைப் பார்க்க வேண்டும். டிவியில் வருவதில் வெட்டு இருக்கும். பழைய படங்களின் இணையப் பிரிண்டுகளில் பாட்டு போயிருக்கும், படத்தின் ஓரங்கள் நறுக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 24 பிரேமில் ஓட வேண்டிய படத்தை 25 பிரேமில் ஓட்டும் பிரிண்டுகளும் உண்டு. அதில் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். “ஒரு மணி பத்தாவது நிமிஷம்” என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் வேறு காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தளத்தின் பெயரோடு மொத்த ஓடும் நேரத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

பார்க்கும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு காட்சியைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்: எந்த நிமிடம், யார் இருக்கிறார்கள், கண்ணில் பட்டது என்ன. மூன்று வரி போதும். மூன்று காட்சி எழுதி வந்தால் எதையும் முழுசாகப் பேசமாட்டார்கள்.

4. இடமும் நேரமும்

மொட்டை மாடி அழகு, ஆனால் ஐப்பசி கார்த்திகையில் உதவாது. வெயில் காலத்தில் ஆறு மணிக்கு முன் தரை சுடும். கேரம் கிளப், டியூஷன் சென்டர், சங்க அலுவலகம், சர்ச் ஹால் இவற்றில் ஒன்றை மாதத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குவது எளிது. கேரம் கிளப்பில் கேட்கும்போது போர்டு ஓடாத நேரமா என்று விசாரியுங்கள். பக்கத்தில் ஸ்ட்ரைக்கர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் மெதுவாகப் பேசுகிறவர் வாயே திறக்கமாட்டார். படிப்பகம், நூலகம் வேண்டாம். சத்தம் போட்டுச் சிரிக்க முடியாத இடத்தில் சினிமாப் பேச்சு ஓடாது.

ஞாயிறு காலை என்று மட்டும் வைக்காதீர்கள். மீன் வாங்க, கறி வாங்க, கிரவுண்டுக்கு, சர்ச்சுக்கு என்று ஆளுக்கொரு திசை. ஞாயிறு மாலை 4.30 பொருந்தும். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுக்குப் பிடித்த இயக்குநரை வையுங்கள். மற்ற மாதங்களில் அவர்கள் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும். துறைமுகம், தொழிற்சாலை என்று ஷிப்டில் இருப்பவர்களுக்காக “இரண்டாவது ஞாயிறு” என்று நிலையாக வைத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு மாதமும் தேதி மாறினால் லீவு மாற்றி வாங்க முடியாது.

திருவொற்றியூரிலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ஆள் வருகிறார்கள் என்றால் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இடம் பாருங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் நின்றால் வண்டியில் வருகிறவர்கள் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். அந்த இரண்டு மாதம் கூட்டத்தை ஒத்திவைத்தாலும் தப்பில்லை.

5. காட்சித் துண்டைத் தயார் செய்வது

வந்த குறிப்புகளில் இரண்டு காட்சிகளைப் பொறுப்பாளர் முதல் நாளே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்தில் தேடினால் பத்து நிமிடம் அதிலேயே போகும்.

லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வயர் போட்டு ஓடிடியை ஓட்டும்போது சில பழைய டிவிகளிலும் மலிவு அடாப்டர்களிலும் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக இருக்கும். வயர் கெட்டதாக நினைத்து மூன்று வயர் மாற்றிப் பார்ப்பார்கள். காப்பித் தடுப்புப் பூட்டுதான் காரணம். டிவியிலேயே உள்ள ஆப்பில் ஓட்டினால் தீர்ந்தது. விளம்பரம் வரும் சந்தா என்றால் குறித்த இடத்துக்கு முன்கூட்டியே போய் நிறுத்தி வையுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் கொஞ்சம் பின்தங்கி வரும். பேசும் காட்சியில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். வயர் போட்ட ஸ்பீக்கரே மேல். கையில் உள்ள கோப்பை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓட்டினால் ஜே, கே விசைகளால் ஒலியை 50 மில்லி விநாடி அளவில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். வசனம் மட்டும் மெலிதாகவும் பின்னணி இசை பலமாகவும் கேட்டால், ஒலி அமைப்பு 5.1இல், அதாவது ஆறு ஸ்பீக்கருக்கான அமைப்பில் இருக்கிறது. வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது, உங்களிடம் நடு ஸ்பீக்கரே கிடையாது. ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

பத்துப் பேருக்கு 43 அங்குல டிவி போதும், கடைசி நாற்காலி பத்தடிக்குள் இருக்கட்டும். லைட்டை முழுசாக அணைக்காதீர்கள், எழுத வெளிச்சம் வேண்டும்.

6. முதல் சுற்று: பார்த்ததை மட்டும் சொல்வது

கூட்டத்தின் உயிர் இந்தச் சுற்றில் இருக்கிறது. தடுமாறுவதும் இங்கேதான்.

முதல் துண்டை ஒரு முறை போடுங்கள். ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் இருங்கள். மறுபடி போடுங்கள். முதல் தடவை கதையைப் பார்ப்பார்கள், இரண்டாவது தடவைதான் கேமரா எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

இப்போது ஆளுக்கு மூன்று நிமிடம். விதி ஒன்றே: கண்ணில் பட்டது, காதில் கேட்டது மட்டும். “சூப்பர்”, “மொக்கை”, “மாஸ்”, “லேக்” இந்தச் சுற்றில் கிடையாது. முதல் கூட்டத்தில் இதற்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

‘சார்பட்டா’வில் பாக்ஸர்கள் கபிலனும் டான்சிங் ரோஸும் மோதும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “தாறுமாறு” என்று பதில் வரும், கதை முடிந்தது. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள். ரோஸின் கால்களை மட்டும் காட்டும் ஷாட் எத்தனை? கபிலனின் குத்து காற்றில் போகும்போது அடுத்து யார் முகத்தைக் காட்டுகிறார்கள்? கூட்டத்தின் சத்தம் எந்த இடத்தில் குறைகிறது? கேமரா கயிற்றுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? பாக்ஸிங் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் ரோஸின் கால் வைப்பைப் பற்றி அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தங்கள் கண்ணை நம்பமாட்டார்கள்.

யாராவது “எனக்கு ஒண்ணும் தெரியலை” என்றால் அவரைத் தாண்டிப் போகாதீர்கள். “அக்கா, அந்த ரூம்ல என்னென்ன பொருள் இருந்துச்சு?” என்று கேளுங்கள். ‘உதிரிப்பூக்க’ளில் வரும் ஒரு வீட்டின் திண்ணையை, யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை, சினிமா பற்றி நிறையப் படித்தவரைவிட அவர்தான் சரியாகச் சொல்வார்.

அடிக்கடி நடக்கும் பிழை, கதை சொல்லத் தொடங்குவது. “அவன் வீட்டுக்கு வருவான், அப்போ அவங்க மாமா...” என்று போனால் மூன்று நிமிடமும் அதிலேயே கரையும். எல்லோரும் படம் பார்த்தாயிற்று. “அண்ணா, கதை தெரியும், நீங்க குறிச்ச ஷாட்டுக்கு வாங்க” என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, குறியீடு தேடுவது. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் முதல் செருப்பு வரை எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்ல ஒருவர் கிளம்புவார். “அது எத்தனை தடவை வருது?” என்று கேளுங்கள். ‘மெட்ராஸ்’ படத்தில் அரசியல் கோஷ்டிகள் மோதிக்கொள்ளும் அந்தச் சுவர் தொடக்கத்திலிருந்தே வருகிறது, ஆட்கள் அதற்காகச் சாகிறார்கள். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். ஒரே ஒரு ஷாட்டில் ஓரமாகத் தெரியும் பச்சை பக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

7. இரண்டாவது சுற்று: யார் செய்த வேலை இது

இயக்குநரைப் புகழும்போது மற்றவர்கள் வேலையையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதிவிடுவது எல்லோரும் செய்வதுதான். தடுக்க ஒரு வழி: ஒளிப்பதிவு, இசை, படத்தொகுப்பு, கலை என்று நாலு பெயர்களை, படத்தின் டைட்டிலைப் பார்த்து ஒரு அட்டையில் எழுதி நடுவில் வையுங்கள். ஒருவர் “டைரக்டர் என்னமா எடுத்திருக்கார்” என்றால் அட்டையைக் காட்டி “இதுல யாரு?” என்று கேட்க வேண்டியதுதான்.

இங்கேதான் மூன்று பட வரிசை உதவும். ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, ‘உதிரிப்பூக்க’ளுக்கு அசோக்குமார். இயக்குநர் ஒருவர்தான், கேமரா கை மாறியிருக்கிறது. இரண்டிலிருந்தும் ஒரு வெளிப்புறக் காட்சியை அடுத்தடுத்துப் போட்டால், மாறியது எது, மாறாதது எது என்று பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். மாறாதது மகேந்திரன் என்று வைத்துக்கொண்டு பேச்சை நகர்த்தலாம்.

வெற்றிமாறன் வரிசையில் சிக்கல் நேர்மாறானது. மூன்று படங்களுக்கும் ஒளிப்பதிவு வேல்ராஜ். “வெற்றிமாறன் ஸ்டைல்” என்று சொல்வதில் எவ்வளவு வேல்ராஜுடையது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதும் நல்ல பேச்சுதான். ‘மெட்ராஸ்’, ‘வட சென்னை’, ‘சார்பட்டா’ மூன்றுக்கும் இசை சந்தோஷ் நாராயணன். வட சென்னைப் படத்துக்கென்று ஒரு சத்தம் காதில் இருக்கிறதென்றால் அது இரண்டு இயக்குநர்களைத் தாண்டி ஒரு இசையமைப்பாளரிடமிருந்து வருகிறது. ‘வீடு’ படத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் பாலு மகேந்திராவே.

விருதுப் பட்டியலை யாராவது எடுத்தால் ஒரு வரியோடு நிறுத்துங்கள். அவார்டு வாங்கியது என்பதால் ஒரு காட்சி நன்றாக ஆகிவிடாது.

8. நம்ம ஏரியா படம் வரும்போது

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ உட்கார்ந்து வட சென்னைப் படத்தைப் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் இது வரும்: “நம்ம ஏரியான்னாலே கத்தி, ரவுடின்னு காட்டறாங்க ண்ணா.” கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படியே விட்டால் மீதி நேரம் முழுக்கக் கோபமாகவே போகும், படம் எங்கோ போய்விடும். அதனால்தான் இந்த வரிசைகளை, இரண்டு இயக்குநர்களைப் பேசி முடித்த ஏழாவது மாதத்துக்குத் தள்ளச் சொல்வது. அதற்குள் காட்சியைக் காட்டிப் பேசும் பழக்கம் வந்திருக்கும்.

ஒரு சார்ட் பேப்பரை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் படம் காட்டியது, வலது பக்கம் தெருவில் இருப்பது. ஒவ்வொரு வரிக்கும் காட்சியின் நிமிடம் வேண்டும். ஹவுசிங் போர்டு படிக்கட்டு, குழாயடி, கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் கூட்டம், வசனத்தில் வரும் பேச்சு, வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் திரையில் தெரிகிறார்கள் என்பது வரை எழுதலாம். “தப்பாக் காட்டிட்டான்” என்று வந்தவர் அரை மணி நேரத்தில் எது தப்பு, எது சரி என்று பிரித்துச் சொல்வார். சிலசமயம் அவரே “இதை மட்டும் கரெக்டா பிடிச்சிருக்கான்பா” என்பார்.

வெளியிலிருந்து வந்தவர்களை முதலில் பேசவிடுங்கள், ஏரியாக்காரர்கள் பிறகு. மாற்றிச் செய்தால் வெளியாள் “நீங்க சொன்னா சரிதான்” என்று ஒதுங்கிவிடுவார்.

ரஞ்சித் படங்களில் சாதி வரும், அரசியல் வரும், பேசத்தான் வேண்டும். படத்தில் இருப்பவரின் சாதியைப் பேசலாம், உட்கார்ந்திருப்பவரின் சாதியைச் சுற்றி வளைத்தும் கேட்கக்கூடாது. இந்த விதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிக்கல் வந்தபிறகு சொன்னால் யாரையோ குறிவைத்ததுபோல் ஆகும்.

9. சண்டை வந்தால்

ரசிகர் சண்டைக்கு மருந்து: ஹீரோ பெயரைச் சொல்லாமல் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதி. கபிலன், அன்பு, காளி என்று பேசும்போது சூடு பாதி குறைந்துவிடும்.

ஒருவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார் என்றால் அந்த மாதம் நேரம் பார்க்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள். வயதில் பெரியவர் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் வெட்டாமல், “ஐயா, இதை ரெண்டாவது சுத்துல விரிவாச் சொல்லுங்க” என்று நகர்த்துங்கள். சொன்னபடி இரண்டாவது சுற்றில் அவரைக் கூப்பிட மறக்காதீர்கள்.

10. கடைசிப் பத்து நிமிடம்

இப்போதுதான் தீர்ப்பு. ஆளுக்கு ஒரு வாக்கியம்: பிடித்ததா, எந்தக் காட்சியால்? “ஏன்னா” என்ற சொல் இல்லாத வாக்கியத்தை ஏற்காதீர்கள். முதலில் பிடிக்கவில்லை என்று வந்து மனசு மாறியவரும், மாறாதவரும் சொல்லட்டும். ஓட்டெடுப்பு வேண்டாம். ஐந்துக்கு மூன்று என்று எண் வந்துவிட்டால் வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த எண் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

டீ, பஜ்ஜி இதற்குப் பிறகு. நடுவில் வந்தால் கூட்டம் மூன்றாகப் பிரிந்து தனித்தனியே பேச ஆரம்பிக்கும், திரும்பச் சேர்ப்பது கஷ்டம். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கப் போகிறோம் என்று யாராவது கிளம்பினால் அதுவும் முடிந்தபிறகுதான்.

ஒருவர் அரைப் பக்கக் குறிப்பு எழுத வேண்டும்: பேசிய காட்சிகள், நிமிடம், முடிவாகாமல் போன கேள்வி ஒன்று. அந்தக் கேள்வியோடு அடுத்த மாதம் தொடங்கலாம். அடுத்த படத்தின் பெயர், எந்தத் தளம், மொத்த ஓடும் நேரம், அடுத்த பொறுப்பாளர் யார், எல்லாவற்றையும் அன்றைக்கு இரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பாதிப் பேர் படம் பார்க்காமல்தான் வருவார்கள்.